பன்னிரண்டு விநாடி

'அரைப்பேர்' என்று பெயர் வைத்தது டெல்மன்.
கொழுந்து கிலோ குறைந்தால் பாதிச் சம்பளம்,
செக்ரோலில் அரைப்பேர் என்றுதான் விழும்.
"முழுப்பேர் எடுக்காத நாலு பேர்
வேறென்னடா வைக்கிறது?"

எனக்கு பேஸ் கிட்டார்.
நாலு கம்பியில் மூன்றுதான் எப்போதும் இருந்தது.
தலவாக்கலைக் கூட்டுறவுக் கடையின் மேல்மாடியில்
பருப்பு மூட்டைகளைச் சுவரோடு அடுக்கி
ஒரே இரவில் ஆறு பாட்டுப் பதிந்தோம்.
ஆறாவதை உற்றுக் கேட்டால்
நடுவில் பதுளை இரவு மெயில் போகும்.
வெட்டவில்லை.
வெட்டத் தெரியவில்லை.

கொழும்புக்கு ஒன்பது சீடி அனுப்பினோம்.
ஒருவர் மட்டும் பதில் சொன்னார்:
"சத்தம் இருக்கு தம்பி, பாட்டு எங்க?"

நஸ்மியா மலையுச்சிக் கோபுரத்தின் கீழே
சின்ன நிலையமொன்றில் இரவு வேலை பார்த்தாள்.
ராசிபலன் முடிந்து, பதினொன்றரைக்கு,
யாரையும் கேட்காமல் போட்டாள்.
"இது நம்ம பக்கத்துப் பிள்ளைகள்.
தூங்குறவங்க ரேடியோவைக் குறைங்க.
முழிச்சிருக்கிறவங்க கூட்டுங்க."

யார் முழித்திருந்தார்கள்?
தம்புள்ளைக்கு லீக்ஸ் ஏற்றிப் போகும் லொறிகள்.
ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடி.
லிந்துலைப் பக்கமிருந்து முதல் போன்:
"யாரு தங்கச்சி அது,
தொண்டை கட்டின மாதிரிப் பாடுறது?"
பிடிக்கலையா என்று கேட்டாளாம்.
"இல்ல. திரும்பப் போடுங்க.
மெசின் சத்தத்துல பாதி கேக்கல."

பதினான்கு மாதம், வியாழன்தோறும்.
அமிர்தவல்லி, அந்தக் கட்டின தொண்டைக்காரி,
காலையில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்வாள்.
பிள்ளைகளுக்குத் தெரியாது. அதிபருக்குத் தெரியும்.
அட்டனில் நாற்பது கதிரைக்கு வாசித்தோம்.
பாதியில் கரண்ட் போனது,
இருட்டில் டெல்மன் மட்டும் இருபது நிமிடம் அடித்தான்.
அதைத்தான் இன்றும் சொல்கிறார்கள்,
மற்றப் பாட்டுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
பண்டாரவளையில் மழை.
கண்டியில் நாங்கள் வருமுன்பே மேடையைக் கழற்றிவிட்டார்கள்.
பிறகு உதயசீலன் டோஹாவுக்குப் போனான்,
கிட்டாரை உரச்சாக்கில் சுற்றி என்னிடம் தந்துவிட்டு.

நிலையமும் கை மாறியது.
நஸ்மியாவைப் பகல் அறிவித்தல்களுக்கு மாற்றினார்கள்:
தொலைந்த அடையாள அட்டை, மரண அறிவித்தல்,
நாளை பாடசாலை இல்லை.
அந்த ஒக்டோபரில் ஆறு நாள் விடாமல் பெய்தது.
சிவப்பு எச்சரிக்கைக்கு முன்னால்
ஏதாவது மியூசிக் வேணும், உடனே, என்றார்களாம்.
ஆறாவது பாட்டின் தொடக்கத்தை எடுத்தாள்.
டெல்மனின் மேளமும் என் மூன்று கம்பியும்.
பன்னிரண்டு விநாடி.
பிறகு அவள் குரல்:
கொத்மலை, அம்பகமுவ, வலப்பனை,
வெடிப்புத் தெரிந்தால் உடனே வெளியேறுங்கள்.

எங்களிடம் கேட்கவில்லை.
கோபமாகப் போனேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"மத்த மியூசிக்குக்கு ஆள் படுத்தே கிடப்பாங்க."

மேல் டிவிசனில் ஒரு லயம் மண்ணுக்குள் போனது.
ஆளில்லாத லயம்.
ஒரு டீவி, ஒரு கோழிக்கூடு.

ராயல்டி வருதா என்று கேட்கிறார்கள்.
வருகிறது. மழைக்காலத்தில், ஒரு நாளைக்கு எட்டு முறை,
பணமாக இல்லை.

போன சித்திரையில் உதயசீலன் லீவில் வந்தான்.
அட்டனில் மறுபடி மேடை. இந்தமுறை முந்நூறு கதிரை.
ஆறாவதை ஆரம்பித்தோம்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.
யாரோ செருப்புத் தேடினார்கள்.
யாரோ பிள்ளைகளைப் பேர் சொல்லி எண்ணினார்கள்.
கதிரைகள் இழுபடும் சத்தத்தில்
என் கம்பி எனக்கே கேட்கவில்லை.

அமிர்தவல்லி பாட வேண்டிய இடத்தில் பாடவில்லை.
வகுப்பறைக் குரலில் சொன்னாள்:
"மழை இல்ல. உட்காருங்க. இது பாட்டு."

சிரித்தார்கள். உட்கார்ந்தார்கள்.
அந்த ஒருத்தி மட்டும் கதவோரம் நின்றாள்,
பிள்ளை இடுப்பில்,
பாட்டு முடியும்வரைக்கும்
உள்ளங்கையை வெளியே நீட்டியபடி.